அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை: மருந்து ஆய்வில் சேர யாரைக் கேட்பது, எங்கே தேடுவது?

அமராவதிக்கரை

எல்லோருக்கும் வணக்கமுங்க. தாராபுரம் பக்கம் கிராமம். அம்மாவுக்கு 58 வயது. புகை, வெற்றிலை, புகையிலை என்று எந்தப் பழக்கமும் கிடையாது. காலம் பூராவும் பண்ணையம்தான். மழைக்காலத்தில் பிடித்த இருமல் நிற்கவே இல்லை, அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோவையில் சிடி ஸ்கேன், பயாப்ஸி எல்லாம் எடுத்தாயிற்று. அடினோகார்சினோமா, நான்காம் நிலை என்று சொல்லிவிட்டார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது, அதை எடுத்த பிறகு மூச்சு பரவாயில்லை. முதுகெலும்பிலும் ஓரிடத்தில் இருக்கிறதாம்.

அடுத்த வாரம் கீமோ ஆரம்பிக்கலாம் என்கிறார் டாக்டர். பெங்களூரில் இருக்கும் மாமா பையன் "ஏதாவது ட்ரையல் நடக்குதான்னு கேளு, புது மருந்து செலவில்லாம கிடைக்கும்" என்கிறான். அப்பாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. "எம் பொண்டாட்டிய வெச்சு சோதனை பண்ணறதா" என்று கோபப்படுகிறார்.

இந்த ஆய்வுகள் எங்கே நடக்கின்றன, எப்படித் தேடுவது, அம்மாவுக்குப் பொருந்துமா என்று யார் சொல்வார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். நேரம் குறைவாக இருக்கிறது.

சென்னிமலை

தம்பி, நான் கோவையில் ஒரு மருத்துவமனையில் புற்றுநோய் மருந்து ஆய்வுகளுக்கு ஒருங்கிணைப்பாளராக வேலை பார்த்தவள். இப்போது அந்த வேலையில் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மற்றதெல்லாம் அப்புறம். கீமோவின் முதல் டோஸ் ஏறுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியாயிற்றா? இரண்டு, அம்மாவுக்குப் பொருந்துகிற ஆய்வு இங்கேயோ வேறு எங்கேயோ நடக்கிறதா?

முன்னால் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதல்கட்ட சிகிச்சைக்கான ஆய்வுகள் பெரும்பாலும் "இந்த நோய்க்கு இதுவரை எந்த மருந்தும் ஏற்றாதவர்" என்ற நிபந்தனையோடுதான் வருகின்றன. ஒரே ஒரு சுற்று கீமோ போனாலும் அந்தக் கதவு மூடிவிடும். பிறகு, முதல் சிகிச்சை பலிக்காமல் போனவர்களுக்கான ஆய்வுகளில்தான் இடம் தேட முடியும். நான் வேலையில் இருந்தபோது பலர் எல்லா சிகிச்சையும் முடிந்து, படுக்கையில் விழுந்த பிறகுதான் ட்ரையல் கேட்டு வந்தார்கள். அந்த நிலையில் பெரும்பாலான ஆய்வுகள் எடுக்காது. எடுக்க வேண்டும் என்று எங்களுக்கு எவ்வளவு மனசு இருந்தாலும் ஆய்வுக்கு எழுதி வைத்த விதிமுறை இடம் கொடுக்காது. நடமாட்டம் எப்படி என்பதை ஈகாக் என்ற அளவில் 0 முதல் 4 வரை குறிப்பார்கள். 0 என்றால் பழையபடி எல்லா வேலையும் செய்கிறவர், 4 என்றால் முழுக்கப் படுக்கை. ஆய்வுகள் அதிகமும் 0, 1 ஆட்களைத்தான் கேட்கும், சிலது 2 வரை போகும். அம்மா இப்போது எழுந்து நடந்து, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்றால் ட்ரையல் பேச்சுக்குச் சரியான நேரம் இதுதான்.

மரபணுப் பரிசோதனை ஏன் என்றால், நுரையீரல் புற்று இப்போது ஒரே நோயாகப் பார்க்கப்படுவதில்லை. சுமார் 85 சதவீதம் சிறுசெல் அல்லாத வகை. அதற்குள் அடினோ ஒரு பிரிவு. அடினோவுக்குள்ளும் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ராஸ்1, கேராஸ், மெட், ரெட், ஹெர்2 என்று எந்த மரபணு கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து மருந்தே மாறிவிடும். புகைப் பழக்கமே இல்லாத பெண்களுக்கு வரும் அடினோவில் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் கீமோவுக்குப் பதில் மாத்திரையிலேயே ஆரம்பிக்கலாம். ஆய்வுகளும் இப்போது மரபணு வாரியாகத்தான் ஆள் எடுக்கின்றன. அந்த ரிப்போர்ட் கையில் இல்லாமல் ட்ரையல் தேடினால் ஊர் பேர் தெரியாத முகவரிக்குக் கடிதம் போட்ட மாதிரிதான்.

ஒரு எச்சரிக்கை. ட்ரையல் தேடுகிறேன் என்று சிகிச்சையை வாரக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது. நீர் மறுபடி கோத்தாலோ, முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆய்வெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். "ரிப்போர்ட் வரும்வரை காத்திருப்பது அம்மாவுக்குப் பாதுகாப்பா?" என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். பெரும்பாலும் நாள் கணக்கில் காத்திருக்க முடியும்.

அமராவதிக்கரை

ரொம்ப நன்றிங்க அக்கா. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். "டிடிஎஃப்-1 பாசிட்டிவ், நாப்சின்-ஏ பாசிட்டிவ்" என்று இருக்கிறது. இதுதான் மரபணு ரிப்போர்ட்டா?

சென்னிமலை

இல்லை தம்பி. அது கட்டி நுரையீரலில் பிறந்தது, அடினோ வகை என்று உறுதி செய்யும் சாயப் பரிசோதனை. மரபணு ரிப்போர்ட் தனி.

பயாப்ஸி பார்த்த லேபில் "பாரஃபின் பிளாக்" கேளுங்கள். சின்ன பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, மெழுகுக்கு நடுவே பயாப்ஸி ஊசியில் வந்த சதைத் துணுக்குகள் வெளிறிப்போய் நூல்நூலாகத் தெரியும். சட்டத்தின் ஓரத்தில் ஓர் எண் இருக்கும். அது பயாப்ஸி ரிப்போர்ட்டில் இருக்கிற எண்தானா என்று சரிபார்த்து வாங்குங்கள். கண்ணாடி ஸ்லைடு மட்டும் கொடுத்தால் போதாது. மரபணுப் பரிசோதனைக்கும் சரி, ட்ரையலுக்கும் சரி, பிளாக்கைத்தான் கேட்பார்கள்.

அந்தத் துணுக்கு ரொம்பக் கொஞ்சம். இன்றைக்கு ஒரு மரபணு, அடுத்த வாரம் இன்னொன்று என்று ஒவ்வொன்றாகச் சீவிக்கொண்டே போனால் தீர்ந்துவிடும். என்ஜிஎஸ் என்று ஒரே தடவையில் பல மரபணுவைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. செலவு அதிகம், ஆனால் கட்டுப்படியானால் அதுவே நல்லது. சதை போதவில்லை என்றால் ரத்தத்திலிருந்து பார்க்கும் லிக்விட் பயாப்ஸியும் உண்டு. அதில் ஒன்றும் தெரியவில்லை என்றால் மாற்றமே இல்லை என்று ஆகிவிடாது, அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிடி-எல்1 என்று கட்டியில் இருக்கும் ஒரு புரதத்தைப் பார்ப்பார்கள். அதில் சதவீதம் அதிகம் என்று வந்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்தை உடனே போடலாம் என்று யாராவது அவசரப்பட்டால், "மரபணு ரிப்போர்ட் வந்த பிறகு முடிவெடுக்கலாமா?" என்று கேளுங்கள். ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருப்பவர்களுக்கு இம்யூனோதெரபி பெரிதாகப் பலன் தருவதில்லை. அதைப் போட்டுவிட்டு அடுத்து, ஈஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான ஓசிமெர்டினிப் மாத்திரை கொடுத்தால் நுரையீரல் அழற்சி வரும் அபாயமும் கூடுகிறது.

காங்கயத்தான்

நான் உங்கள் அப்பா பக்கம் பேசுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். அப்போது ஆந்திராவில் இருந்த கம்மம் மாவட்டத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி ஆய்வு என்று போட்டார்களே, பெற்றோருக்குத் தெரியாமல் விடுதிக் கண்காணிப்பாளர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்களே, அது 2010 வாக்கில் பெரிய விவகாரம் ஆயிற்று. நாடாளுமன்றக் குழுவே 2013இல் கண்டித்து அறிக்கை கொடுத்தது. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒப்புதல் படிவத்தில் இருக்கும் இங்கிலீஷ் என்ன புரியும்? "கையெழுத்துப் போடுங்க" என்றால் போட்டுவிடுவார்கள். ஒரு பாதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்து, மறுபாதிக்கு மருந்து கொடுத்து, யார் சாகிறார்கள் என்று பார்ப்பதுதானே இது? என் சித்தப்பாவுக்கு இதே நோய் வந்தபோது இந்தப் பயத்தில்தான் நாங்கள் வேண்டாம் என்றோம்.

சென்னிமலை

அண்ணா, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. கம்மத்தில் நடந்தது நடந்ததுதான். அந்தப் பிள்ளைகளின் இறப்புக்கு ஊசி காரணம் என்று விசாரணையில் நிரூபணமாகவில்லை. ஆனால் ஒப்புதல் வாங்கிய முறை கேவலமானது. அதுவும், உச்ச நீதிமன்றத்துக்குப் போன பொதுநல வழக்குகளும் சேர்ந்துதான் விதிகளை இறுக்க வைத்தன. இப்போது நடப்பில் இருப்பது 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள். அது நோயாளிக்கு என்ன உரிமை கொடுக்கிறது என்று அமராவதிக்கரை தம்பியின் அப்பாவுக்கு வாசித்துக் காட்டலாம்.

விவரத் தாளும் ஒப்புதல் படிவமும் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருந்தாக வேண்டும். தமிழில் கேளுங்கள், இல்லை என்று சொல்லவே கூடாது. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்து, நாலு பேரிடம் கேட்டு, அப்புறம் வந்து கையெழுத்துப் போடலாம். அங்கேயே போடச் சொல்லி யாராவது நெருக்கினால் எழுந்து வந்துவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவர் கூட இருந்து சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருப்பவர் புத்தம்புது மூலக்கூறு மருந்தின் ஆய்வில் சேர்ந்தால், ஒப்புதல் வாங்குவதை வீடியோவாகவே பதிவு செய்ய வேண்டும்.

ஒவ்வொரு ஆய்வையும் நெறிமுறைக் குழு ஒன்று பார்த்து அனுமதிக்கிறது. குறைந்தது 7 பேர், அதில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்கள். ஒரு வக்கீல், ஒரு பெண், மருத்துவம் படிக்காத ஒரு பொதுஜனம் கட்டாயம். ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சை உண்டு. நிரந்தர ஊனமோ இறப்போ ஆய்வினால்தான் என்று தீர்மானமானால் இழப்பீடும் உண்டு. கடுமையான பாதிப்பு எது நடந்தாலும் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவித்தாக வேண்டும். நோயாளி எந்த நாளிலும், காரணமே சொல்லாமல் விலகலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் மறுக்கக் கூடாது.

வெறும் மாத்திரை விஷயத்தைச் சொல்கிறேன். நல்ல சிகிச்சை இருக்கும் இடத்தில் புற்றுநோயாளியை வெறும் மாத்திரையோடு விட்டுவிடுவது நெறி அல்ல. வழக்கமான சிகிச்சை ஒரு பக்கம், புது மருந்து மறுபக்கம் என்று ஒப்பிடுவார்கள். இல்லையென்றால் இரு பக்கமும் வழக்கமான சிகிச்சை, ஒரு பக்கம் மட்டும் புது மருந்து கூடுதல் என்று வைப்பார்கள். ஃப்ளோரா என்ற ஆய்வில் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள 556 பேர் சேர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு அப்போதைய புது மாத்திரையான ஓசிமெர்டினிப். மற்றப் பிரிவுக்கு அன்றைக்கு நடப்பில் இருந்த ஜெஃபிடினிப் அல்லது எர்லோடினிப். ஒருவர்கூட மருந்து இல்லாமல் இல்லை. நோய் கட்டுக்குள் நின்ற காலம் புது மாத்திரைக்காரர்களுக்கு 18.9 மாதம், மற்றவர்களுக்கு 10.2 மாதம் என்று 2017இல் முடிவு வந்தது. இன்றைக்கு டாக்டர்கள் அந்த மாத்திரையை எழுதுகிறார்கள் என்றால் அந்த 556 பேரும் காரணம். எந்தப் பிரிவில் விழுவோம் என்பதைக் கணினிதான் தீர்மானிக்கும், அதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அது மனசுக்குக் கஷ்டமான விஷயம்தான், மறைக்கவில்லை.

காங்கயத்தான்

விவரமாகச் சொன்னதற்கு நன்றிங்க. வக்கீல், பொதுஜனம் எல்லாம் குழுவில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆனாலும் தமிழ்ப் படிவத்தைக் கையில் வாங்காமல் யாரும் சேர வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆனைமலை அடிவாரம்

என் மனைவி கோவையில் ஒரு ட்ரையலில் இருக்கிறாள். ஊர் பொள்ளாச்சிக்குத் தெற்கே. உள்ளே போனால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

கையெழுத்துப் போட்ட உடனே மருந்து கிடைத்துவிடாது. முதலில் ஸ்கிரீனிங், அதாவது ஆய்வுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது. ரத்தம், சிறுநீர், ஈசிஜி, எக்கோ, சிடி, மூளைக்கு எம்ஆர்ஐ. பிளாக்கை வாங்கி அவர்களுடைய லேபுக்கு அனுப்பி மறுபடி மரபணு பார்த்தார்கள். அந்தக் காத்திருப்புதான் கொடுமை. ஸ்கிரீனிங்கில் தகுதி இல்லை என்று திரும்பிப் போனவர்களை வராந்தாவில் பார்த்திருக்கிறேன். அப்படி ஆனால் அடுத்து என்ன சிகிச்சை என்று டாக்டரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகு எல்லாம் கணக்காக இருக்கும். மாத்திரை சாப்பிட்ட நேரம், வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு எல்லாவற்றையும் ஒரு டைரியில் எழுத வேண்டும். அடுத்த தடவை போகும்போது மிச்சமான மாத்திரை, காலி அட்டை, டப்பா எதையும் தூக்கிப் போடாமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எண்ணிப் பார்ப்பார்கள். சொன்ன தேதிக்கு முன்னால் பின்னால் ஓரிரு நாள்தான் தள்ள முடியும். நோம்பி, கல்யாணம், காது குத்து என்று தள்ளிப்போட முடியாது. தேங்காய் வெட்டு நாளில்கூட நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். கூட ஓர் ஆள் நிலையாக இல்லாமல் இது நடக்காது. யார் போவது என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டுச் சேருங்கள்.

மருந்துக்கும் ஆய்வுக்கான ஸ்கேனுக்கும் நாங்கள் காசு கொடுக்கவில்லை. பஸ், கார் செலவுக்கும் பில் கொடுத்தால் பணம் வருகிறது, அதுவும் ஒப்புதல் படிவத்தில் எழுதியிருக்கிறது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. ராத்திரி காய்ச்சல் அடித்தால் கூப்பிட ஒரு நம்பர் இருக்கிறது, கூப்பிட்டால் எடுக்கிறார்கள்.

சூலூர் தறிச்சத்தம்

தேடுவது எப்படி என்று கேட்டீர்கள், அதை நான் சொல்கிறேன். அக்கா வீட்டுக்காரருக்காகத் தேடிப் பழகியது.

இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளைப் பதிவு செய்ய சிடிஆர்ஐ என்று ஓர் அரசுப் பதிவேடு இருக்கிறது. ஐசிஎம்ஆர் என்ற மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு நடத்துகிறது, 2007இல் தொடங்கியது. 2009 ஜூனிலிருந்து மருந்து ஆய்வுகளை அதில் பதிவது கட்டாயம். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் "லங் கேன்சர்" என்று ஒரு தடவை, சிறுசெல் அல்லாத வகைக்கு "நான் ஸ்மால் செல்" என்று ஒரு தடவை, அதன் சுருக்கமான "என்எஸ்சிஎல்சி" என்று ஒரு தடவை தனித்தனியாகத் தேடுங்கள். ஒன்றில் வராதது இன்னொன்றில் வரும். மரபணு தெரிந்துவிட்டால் அதன் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

வருகிற பட்டியலைப் பார்த்து மலைக்காதீர்கள். மூச்சுப் பயிற்சி, மயக்க மருந்து, சத்துணவு என்று சம்பந்தமில்லாத ஆய்வுகளும் கலந்து வரும். ஒவ்வொரு ஆய்வுக்கும் சிடிஆர்ஐ, ஆண்டு, மாதம், வரிசை எண் என்று ஒரு பதிவு எண் உண்டு. ஆண்டைப் பார்த்தாலே பழசா புதுசா என்று தெரிந்துவிடும். உள்ளே போனதும் பக்கத்தின் கீழ்ப்பகுதிக்குப் போய் "ரெக்ரூட்மென்ட் ஸ்டேட்டஸ்" பாருங்கள். உலக அளவில் ஒன்று, இந்தியாவுக்கு ஒன்று என்று இரண்டு வரி இருக்கும். இந்தியா வரியில் "ஓபன் டு ரெக்ரூட்மென்ட்" என்று இருக்க வேண்டும். அப்புறம் "இன்குளூஷன்", "எக்ஸ்குளூஷன்" என்ற இரண்டு பகுதி, யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்று. அதற்கு மேலே "சைட்ஸ் ஆஃப் ஸ்டடி" என்ற அட்டவணையில் எந்த ஊர், எந்த மருத்துவமனை, எந்த டாக்டர், அவருடைய போன், மெயில் எல்லாம் இருக்கும். ஜி.கே.என்.எம்., ராமகிருஷ்ணா, கே.எம்.சி.எச்., பி.எஸ்.ஜி. என்று நம் கோவை மருத்துவமனைகளின் பெயரை வெவ்வேறு புற்றுநோய் ஆய்வுகளில் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் என்ன இருக்கப்போகிறது என்று நினைக்க வேண்டாம். வெளியே போக முடிந்தால் அடையாறு, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், பெங்களூர் கித்வாய், திருவனந்தபுரம் ஆர்சிசி, மும்பை டாடா பெயர்களையும் பாருங்கள்.

பன்னாட்டு ஆய்வுகளுக்கு அமெரிக்க அரசின் கிளினிக்கல்ட்ரையல்ஸ்.கவ் தளம் உண்டு. அதில் நாடு என்ற இடத்தில் இந்தியாவைப் போட்டு, ஆள் எடுப்பவை மட்டும் என்று வடிகட்டலாம். என்சிடி என்று தொடங்கி 8 இலக்கம் வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு சிடிஆர்ஐயிலும் அதே ஆய்வு இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

இணையத்தில் "ஓபன்" என்று இருப்பதை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம். பதிவேட்டைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள், போனால் ஆள் எடுத்து முடித்துவிட்டோம் என்பார்கள். முதலில் போன், இல்லையென்றால் மெயில். மெயிலில் வயது, நோய் வகை, நிலை, மரபணு, இதுவரை எடுத்த சிகிச்சை, நடமாட்டம் இவ்வளவையும் சுருக்கமாக எழுதினால் டாக்டருக்கும் பதில் சொல்ல எளிது.

பெருந்துறை

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. எங்கள் ஊரில் அந்தக் காலத்திலிருந்தே காசநோய் சானடோரியம் உண்டு. அதனாலோ என்னவோ, நீண்ட இருமல் என்றாலே இந்தப் பக்கம் எல்லோருக்கும் முதலில் காசநோய் ஞாபகம்தான். எங்கள் அப்பாவுக்கு எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும், சளியில் கிருமி வராதபோதே ஒரு மருத்துவமனையில் காசநோய் மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். மாதங்கள் போய், இளைத்து, கடைசியில் பயாப்ஸி எடுத்தபோது புற்று. அந்தத் தாமதம் இன்னும் ஆறவில்லை. நிழல் கரையவில்லை என்றால் பயாப்ஸி கேட்கத் தயங்காதீர்கள்.

ட்ரையலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. காசநோய் நடப்பில் இருந்தால் பெரும்பாலான ஆய்வுகள் சேர்க்காது. பழைய காசநோய் தழும்பு ஸ்கேனில் தெரிந்தாலும் கேள்வி கேட்பார்கள். சிகிச்சை முடித்த அட்டை வீட்டில் கிடந்தால் எடுத்து ஃபைலில் வையுங்கள்.

அமராவதிக்கரை

பெரிய உதவிங்க எல்லோரும். டாக்டரிடம் கேட்டேன். கோபப்படுவாரோ என்று பயந்தேன், அவரோ "நல்லதாப் போச்சு, ரிப்போர்ட் வந்து முடிவெடுக்கலாம்" என்றார். பிளாக் என்ஜிஎஸ் பரிசோதனைக்குப் போயிருக்கிறது.

இதற்கிடையே சொந்தக்காரர் ஒருவர் ஒரு நம்பர் கொடுத்தார். அங்கே கூப்பிட்டால் "ஸ்டெம் செல் ட்ரையல், நுரையீரல் புற்று அடியோடு போகும், முன்பணம் கட்டுங்கள்" என்கிறார்கள். இது உண்மையாக இருக்குமா?

சென்னிமலை

போகவே போகாதீர்கள். ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்குகிற இடம் என்றாலே விலகுங்கள். "சிடிஆர்ஐ எண் என்ன, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான இடத்தில் உடனே சொல்வார்கள். அடியோடு போகும் என்று எந்த ஆய்வு மருத்துவரும் வாக்குக் கொடுக்க மாட்டார். பலிக்குமா என்று தெரியாததால்தானே ஆய்வே நடத்துகிறார்கள்.

மருத்துவமனைகளே நடத்தும் கல்வி ஆய்வுகளில் மட்டும் செலவு வேறு மாதிரி இருக்கும். அங்கே வழக்கமான சிகிச்சைக்கான பகுதியை நீங்களே கட்ட வேண்டி வரலாம். எது யார் பொறுப்பு என்று ஒப்புதல் படிவத்தில் இருக்கும், விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

சூலூர் தறிச்சத்தம்

அடையாறோ மும்பையோ போக வேண்டி வந்தால் ரயில் சலுகையை மறக்காதீர்கள். சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, கூடப் போகும் ஒருவருக்கு அதில் 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை.

அமராவதிக்கரை

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஈஜிஎஃப்ஆர், எக்ஸான் 19 டெலீஷன், அந்த மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறதாம். சென்னிமலை அக்கா சொன்னதுபோலவே இருக்கிறது. டாக்டர் மூன்று வழி சொன்னார். ஓசிமெர்டினிப் மாத்திரை. அது விலை தாங்காது என்றால் ஜெஃபிடினிப்போடு கீமோவும் சேர்த்து. மூன்றாவதாக, கோவையிலேயே வேறொரு மருத்துவமனையில் இதே மாற்றம் உள்ளவர்களுக்கு, முதல்கட்ட சிகிச்சைக்கு ஆய்வு நடக்கிறதாம். சிடிஆர்ஐயில் பார்த்தேன், இந்தியாவுக்கு ஓபன் என்று இருக்கிறது. போன் செய்தேன், இன்னும் இடம் இருக்கிறது, வாருங்கள் என்றார்கள். ஜெஃபிடினிப்போடு கீமோ சேர்ப்பது மலிவு என்பதால் சொல்கிற இரண்டாந்தர வழியா?

சென்னிமலை

இல்லவே இல்லை. அந்த வழியை நிரூபித்தது நம் நாட்டு ஆய்வு, மும்பை டாடா மெமோரியல் நடத்தியது. ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள 350 பேர். பாதிப் பேருக்கு ஜெஃபிடினிப் மட்டும், பாதிப் பேருக்கு அதோடு பெமட்ரெக்செட், கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்துகள். நோய் கட்டுக்குள் நின்ற காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமானது. கடுமையான பக்கவிளைவும் 25 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாகக் கூடியது, அதையும் சொல்ல வேண்டும். இங்கே கட்டுப்படியாகும் மருந்துகளை வைத்து நம் ஜனங்களிடம் நடத்திய ஆய்வு என்பதால் எனக்கு அதில் தனி மரியாதை.

இப்போது மூன்று வழியும் நல்ல வழிதான். ஆய்வு மருத்துவரிடம் கேட்க வேண்டியது, "இதில் சேர்ந்தால் ஒப்பீட்டுப் பிரிவில் விழுபவருக்கு என்ன மருந்து?" என்பது. அந்தப் பிரிவுக்கே ஓசிமெர்டினிப் கொடுக்கிறார்கள் என்றால் எந்தப் பக்கம் விழுந்தாலும் அம்மாவுக்குக் குறைவில்லை. அந்தப் பிரிவின் மருந்தையும் அவர்களே தருகிறார்களா என்று கூடவே கேட்டுக்கொள்ளுங்கள். ஆய்வு முடிந்த பிறகு மருந்து பலன் கொடுத்துக்கொண்டிருந்தால் தொடர்ந்து கிடைக்குமா என்றும் கேளுங்கள். வேறு மாற்று இல்லாத நிலையில், ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டால் இலவசமாகத் தொடர்வதற்கு 2019 விதிகளில் இடம் இருக்கிறது.

அமராவதிக்கரை

கேட்டேன். ஒப்பீட்டுப் பிரிவுக்கு ஓசிமெர்டினிப்தான், அவர்களே தருகிறார்கள். தமிழ் விவரத் தாளைக் கொடுத்தனுப்பினார்கள். அப்பாவே கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். படித்துவிட்டு அவர் கேட்டது "எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்னு போட்டிருக்குதே, நெசமாவா?" என்பதுதான். அம்மா, "எனக்குச் சம்மதம், பஸ்ல போயிட்டு வர்ற தெம்பு இருக்குது" என்கிறார். வியாழக்கிழமை ஸ்கிரீனிங். தம்பியும் நானும் மாறி மாறிக் கூட்டிப் போவதாக முடிவு.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அம்மா சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை ஒன்று. போதாததற்குப் பெரியம்மா யாரிடமோ வாங்கி வந்த சூரணமும் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறார். சூரணத்தைச் சொன்னால் சேர்க்க மாட்டேன் என்பார்களோ என்று பெரியம்மா பயப்படுகிறார்.

சென்னிமலை

எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள் தம்பி. மறைத்தால் அம்மாவுக்குத்தான் ஆபத்து. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஜெஃபிடினிப், எர்லோடினிப் மாத்திரைகள் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் ஓசிமெர்டினிப்பின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும். சூரணத்தில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நிலையில், ஈரல் ரிப்போர்ட் ஏறினால் அது ஆய்வு மருந்தாலா சூரணத்தாலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. நாட்டு மருந்தை நிறுத்தச் சொல்லிச் சில நாள் இடைவெளி விட்டுச் சேர்ப்பார்கள், அதற்காகவே வெளியே அனுப்புவது அபூர்வம். நீங்களாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

எல்லா மாத்திரை அட்டையும் சூரண டப்பாவும் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்கேன் ஃபிலிம் மட்டும் போதாது, ஸ்கேன் படங்களைப் பதிந்து கொடுத்த குறுந்தகட்டையும் கேட்பார்கள். கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின் என்ற சிறுநீரக ரிப்போர்ட், ஈரல் ரிப்போர்ட் இரண்டும் மேலாக இருக்கட்டும். மாத்திரைப் பட்டியலை அவர்கள் எழுதி முடித்ததும் ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், ஏதாவது விட்டுப்போயிருந்தால் அம்மாவே சொல்லிவிடுவார்.